பனிமலை நடையும் பனிச்சரிவும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து ஒருவர் உத்தராகண்டின் கேதார்கந்தாவுக்கு மலை நடை போகிறார், கோவையிலிருந்து ஒரு குடும்பம் மணாலிக்குப் பனி பார்க்கப் போகிறது, யாரோ ஒரு தம்பி குல்மர்க்கில் பனிச்சறுக்கு கற்கப் போகிறான். எந்த பூட்ஸ் வாங்குவது, எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று தொடங்கிப் பேசி முடிக்கும்போது, "அப்புறம் இந்தப் பனிச்சரிவு எல்லாம்..." என்று இழுப்பார்கள். அந்த இழுப்புக்குப் பின்னால் வரும் கேள்விகள் வருடா வருடம் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். இந்திய இமயமலையை மட்டும் மனதில் வைத்து எழுதியது. படித்துவிட்டால் மலையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே போனதும் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டால் போதும்.

பனிச்சரிவுன்னா மேலேருந்து பெரிய பனிப்பாறை உருண்டு வர்றதுதானே?

நம்மிடம் 'பனி' என்ற ஒரே சொல் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் துளிக்கும், ஜனவரியில் ஊட்டி புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனிக்கும், இமயத்தில் ஆள் உயரம் குவிந்து கிடப்பதற்கும் பொதுவாக இருக்கிறது. செய்திகளிலும் எது சரிந்தாலும் 'பனிப்பாறை' என்றே போடுகிறார்கள். அதனால் இந்தக் குழப்பம் இயல்பு. பெரும்பாலான பனிச்சரிவுகளில் பாறை மாதிரி எதுவும் உருள்வதில்லை. வானத்திலிருந்து விழுந்து படிந்த பனி, படிந்த இடத்திலிருந்து மொத்தமாக வழுக்கி இறங்குகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பலகையில் ரவையை மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் புத்தகம் முழுசாக வழுக்கி விழும். புத்தகம் என்பது இறுகிப்போன மேல்பனி. ரவை என்பது அதற்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும் பலவீனமான படலம். பலகையின் சாய்வு மலைச்சரிவு. புத்தகம் வழுக்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, அதன்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அந்தத் தட்டுதான் நாம். இந்த ரவையும் புத்தகமும் கீழே பல இடங்களில் திரும்ப வரும்.

எல்லாப் பனிச்சரிவும் இப்படித்தானா?

இல்லை. ஒட்டாத புதுப்பனி ஒரு புள்ளியில் கிளம்பி, விசிறி மாதிரி விரிந்துகொண்டே இறங்குவது ஒரு வகை. வெயிலில் நீர் ஊறிய பனி, ஈர சிமெண்ட் கலவை போல மெதுவாக, ஆனால் எதையும் விடாமல் இழுத்துக்கொண்டு வருவது இன்னொரு வகை. மலை முகட்டில் காற்று கட்டிவைத்த பனி இறவாரம் உடைந்து விழுவதும் உண்டு. நடப்பவர்களையும் சறுக்குபவர்களையும் அதிகம் கொல்வது புத்தகம் மாதிரி ஒரே துண்டாகப் பிளந்து கிளம்பும் வகை. ஸ்லாப் என்பார்கள். காய்ந்த ஸ்லாப் சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டிவிடும்.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்ட் சமோலி மாவட்டத்தில், ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் நடந்த பேரழிவை நிறையப் பேர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்து வெள்ளமாக மாறியது. அதை நடப்பவர் யாரும் கிளப்பவும் முடியாது, தவிர்க்கவும் முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க, நாம் தவிர்க்கக்கூடிய சரிவுகளைப் பற்றியது.

பஞ்சு மாதிரி இருக்கு, அது மேல விழுந்தா என்ன ஆகிடும்?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 50 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், அரை மீட்டர் கனம் உள்ள துண்டு கிளம்புகிறது. மலையில் இது சிறியதுதான். 1000 கன மீட்டர் பனி. கன மீட்டருக்கு 200 கிலோ என்று குறைவாக வைத்தாலும் 200 டன். சுமை ஏற்றிய லாரிகள் பத்து, வரிசையாக.

ஓடும்போது தண்ணீர் மாதிரி ஓடும். நின்ற கணத்தில் இறுகிவிடும். கழுத்துவரை புதைந்தவரால்கூடத் தன் கையை வெளியே எடுக்க முடியாது. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் மூச்சுத் திணறித்தான் இறக்கிறார்கள். மற்றவர்கள் பாறையிலோ மரத்திலோ மோதி. குளிரில் விறைத்து இறப்பது குறைவு, அதற்குள் மூச்சு நின்றிருக்கும்.

கேதார்கந்தா மாதிரி சாதாரண ட்ரெக்ல எல்லாம் இது வராதுல்ல?

கேதார்கந்தா, பிரம்மதால், தயாரா புக்யால் மாதிரியான நடைகளைக் குளிர்காலத்துக்குத் தேர்ந்தெடுத்ததே ஒரு காரணத்தோடுதான். பாதை பெரும்பாலும் காட்டுக்குள்ளும் முகட்டின் மேலும் போகிறது. தலைக்கு மேலே பெரிய சரிவு தொங்கிக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கு வழிகளைவிட இவை நல்லவை. ஆனால் பாதுகாப்பு அந்த ட்ரெக்கின் பெயரில் இல்லை, நீங்கள் நடக்கும் கோட்டில் இருக்கிறது. கடைசி ஏற்றத்தில் கூட்டமாக இருக்கிறது என்று பக்கத்துச் சரிவில் இறங்கினால் அது வேறு இடம். வழக்கமான பாதை பனியில் மூடிப்போய், வழிகாட்டி புதிதாக ஒரு குறுக்கு வழி எடுத்தால் அதுவும் வேறு இடம்.

எவ்வளவு செங்குத்தா இருந்தா ஆபத்து?

30 முதல் 45 டிகிரி. ஸ்லாப் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சாய்வில்தான் கிளம்புகின்றன. அதிலும் 35லிருந்து 40 வரை மோசம். 45ஐவிடச் செங்குத்தாக இருந்தால் பனி சேரச் சேர உதிர்ந்துவிடும். 30க்குக் கீழே பொதுவாக வழுக்காது.

35 டிகிரி என்றால் பயங்கரச் செங்குத்து என்று நினைக்கிறோம். நம் வீட்டு மாடிப்படியே ஏறக்குறைய 30லிருந்து 35 டிகிரிதான். மாடிப்படி மாதிரி சாய்ந்த, அழகான, மொழுமொழுவென்ற வெள்ளைச் சரிவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. உருண்டு விளையாடத்தான் தோன்றும். கைப்பேசியில் சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது. நடைக்கம்பைச் சரிவின்மேல் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்தால் டிகிரி காட்டும். நான் போகும் எல்லோரையும் இதைப் பழகச் சொல்கிறேன். நான்கைந்து முறை அளந்தால் கண்ணே அளக்க ஆரம்பித்துவிடும்.

நாங்க சமதரையிலதான் நிப்போம். அப்போ கவலை இல்லையே?

மேலே எங்கே கிளம்பும் என்று பார்த்த நாம், கீழே எங்கே வந்து நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்தருகே சாலைப் பணியாளர்களின் முகாம்மேல் பனிச்சரிவு இறங்கியது. 54 பேர் சிக்கினார்கள், 8 பேர் இறந்தார்கள். அவர்கள் மலையேறிக்கொண்டிருந்தவர்கள் இல்லை, தங்கியிருந்த இடத்தில் இருந்தவர்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டோக்–நாதுலா சாலையில் இறந்த 7 பேரும் சுற்றுலா வந்தவர்கள்.

கூடாரம் போடுமுன், காரை நிறுத்துமுன், தலையைத் தூக்கி மேலே பாருங்கள். காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை மொட்டையாக ஒரு கோடு வகுந்த மாதிரி இருக்கிறதா? அது பனிச்சரிவின் தடம். மரங்களில் மேட்டுப் பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்திருக்கிறதா, சுற்றிலும் பெரிய தேவதாரு இருக்க இந்த இடத்தில் மட்டும் வளைந்த பூர்ஜ மரமும் இளங்கன்றுகளுமா? அதுவும் அதேதான். ஓடைப் பள்ளங்களை அங்கே நாலா என்பார்கள். அகலமான மேல்சரிவிலிருந்து வரும் பனி முழுவதும் அந்தக் குறுகலான நாலாவில்தான் வந்து கொட்டும், அதனால் மூடும் ஆழம் அதிகம். நாலாவின் வாயில் கூடாரம் போடாதீர்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, காற்றும் அடிக்காது என்று பார்க்க வசதியாகத்தான் இருக்கும்.

சத்தமா கத்தினா சரிஞ்சிடுமாமே?

சரியாது. குரலின் அழுத்தம் அதற்குப் போதவே போதாது. சினிமாவில் வருவது. ஆபத்தான இடத்தைக் கடக்கும்போது ஒருவரையொருவர் சத்தமாகக் கூப்பிட்டுக்கொள்வதுதான் நல்லது. பேசாமல் போகச் சொல்லி, பின்னால் வருபவர் சிக்கியதே தெரியாமல் போவது மோசம்.

அப்போ யார்தான் கிளப்புறது?

சில சரிவுகள் தானாகக் கிளம்பும்: பெரிய பனிப்பொழிவின்போது, காற்றின்போது, திடீரென்று வெயில் ஏறும்போது. ஆனால் மலைக்குப் பொழுதுபோக்காகப் போய்ச் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், கிளப்பியது அவரேதான், அல்லது அவரோடு வந்தவர். உலகம் முழுக்கப் பனிச்சரிவு வகுப்புகளில் முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் இது. எனக்கு இது பயமுறுத்தும் எண்ணிக்கையாகத் தெரியவில்லை, நம்பிக்கை தருகிறது. கிளப்பியது நாம் என்றால், கிளப்பாமல் இருக்கவும் நம்மால் முடியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ரவைப் படலம் ஓர் இடத்தில் நொறுங்கினால் அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். அதனால் சரிவுக்குக் கீழே சமதரையில் நடப்பவரும்கூட மேலே இருப்பதைக் கிளப்ப முடியும்.

முன்னாடி பத்துப் பேர் போன தடம் இருக்கே, அது போதாதா?

போதாது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது, ஏனென்றால் நானும் பல வருடம் இப்படித்தான் நம்பினேன். மேல்பனியின் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கனமான இடத்தில் பத்துப் பேர் நடந்தாலும் அவர்களின் எடை அடியில் இருக்கும் ரவைவரை போய்ச் சேராது. பதினோராவது ஆள் இரண்டடி தள்ளி, பாறையருகே பனி மெலிந்த இடத்தில் கால் வைப்பார். அங்கே சேரும். தடம் இருப்பது, அந்த நேரத்தில் அந்த வழியில் போனவர்கள் பிழைத்தார்கள் என்பதை மட்டும் காட்டுகிறது. காலை ஏழு மணிக்குப் போனவர்களின் தடம், மதியம் ஒரு மணிக்கு வரும் உங்களுக்கு எதையும் சொல்லாது.

பனி பெய்ஞ்சு எத்தனை நாள் கழிச்சுப் போகலாம்?

இமயத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் வானிலை அலைகள். ஒன்று வந்தால் இரண்டு மூன்று நாள் கொட்டிவிட்டுப் போகும். பெய்யும்போதும், பெய்து முடிந்த முதல் 24 முதல் 48 மணி நேரமும் மிக ஆபத்தானவை. ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி விழுந்திருந்தால் செங்குத்தான இடங்களின் பக்கமே போகக் கூடாது.

கஷ்டம் என்னவென்றால், பெய்து ஓய்ந்த மறுநாள்தான் வானம் நீலமாக இருக்கும். வெயில் அடிக்கும், படம் எடுக்க அப்படி ஒரு நாள் கிடைக்காது. மூன்று நாள் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் வெளியே பாய்வார்கள். அந்த ஒரு நாளைச் சும்மா இருங்கள். சரி, இரண்டு நாள் போனால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அடியில் ரவை இல்லாத பனிக்கு அநேகமாக ஆகிவிடும். ரவை இருந்தால் வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

காஷ்மீர் பனி வேற, லடாக் பனி வேறன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, முக்கியமானதும்கூட. பனி ஆய்வாளர்கள் மேற்கு இமயத்தை மூன்று பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். குல்மர்க் இருக்கும் பீர் பஞ்சால் பகுதியில் பனி ஏராளமாக, ஓரளவு ஈரமாக விழும், வெப்பமும் அதிகம். அங்கே சரிவுகள் அதிகமும் பனிப்பொழிவை ஒட்டியே நடக்கும், பனி சீக்கிரம் இறுகிவிடும். லடாக்கின் வடக்கே காரகோரம் பக்கம் கடுங்குளிர், காற்று. பனி இறுகுவது மெதுவாகத்தான் நடக்கும். நடுவே உள்ள பெரு இமயத் தொடரில் இரண்டும் கலந்திருக்கும்.

ரவை எப்படி உருவாகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பனிக்கு அடியில் உள்ள தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20. பனி மெலிதாக இருந்தால் அந்தச் சின்ன கனத்துக்குள் அவ்வளவு வெப்ப வித்தியாசம். அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, பனித்துகள்களைப் பெரிய, கோணல்மாணலான, ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை போல் உதிரும். பந்து பிடிக்க வராது. அதன்மேல் ஜனவரியில் ஒரு பெரும் பனி விழுந்தால், ரவைமேல் புத்தகம் தயார்.

இந்த வருஷம் பனி ரொம்பக் கம்மி. அப்போ பயமில்லைதானே?

போன பதிலைப் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். டிசம்பரில் கொஞ்சமாகப் பனி விழுந்து, வாரக்கணக்கில் தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருந்தால், அந்த மெல்லிய பனி முழுவதும் ரவையாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பனி குறைந்த வருடத்தில் பிப்ரவரியில் வரும் முதல் பெரும்பனியை நான் மற்ற வருடங்களைவிட அதிகமாக அஞ்சுகிறேன். நன்றாக ஆழமாகப் பனி விழுந்த வருடத்தில் அடித்தளம் பல சமயம் உறுதியாகவே இருக்கும்.

காத்து பலமா அடிச்சா பனி பறந்து போயிடும், நல்லதுதானே?

பறந்து எங்கே போகிறது? முகட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அள்ளி அந்தப் பக்கத்தில் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்றால் ஒரு சரிவில் பனியைக் குவிக்க முடியும். துகள்கள் உடைந்து நெருக்கமாக அடுக்கப்படுவதால் நல்ல கெட்டியான புத்தகம் உருவாகும். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, அதன் மறைவுப் பக்கம்தான் ஆபத்து. வெயில் அடிக்கும் நாளிலும் முகட்டில் வெண்கொடி மாதிரி பனி பறப்பது தெரிந்தால், மறுபக்கத்தில் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது.

அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க. சூரிய உதயம் பார்க்கத்தானே?

அதற்கும்தான். ஆனால் பெரிய காரணம் வெயில். இரவில் உறைந்து கெட்டியான பனி, வெயில் ஏற ஏற நீர் ஊறி இளகும். முதலில் கிழக்குச் சரிவு, அப்புறம் தெற்கு, பிற்பகலில் மேற்கு. பூட்ஸ் கணுக்கால்வரை ஈரமாகப் புதைய ஆரம்பித்தால், சரிவில் பனி உருண்டைகள் தானாக உருள்வதைப் பார்த்தால், நேரம் கடந்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் இது மிக முக்கியம். இமாச்சலின் லாஹுல் பகுதியில் 200 பேருக்கு மேல் பலிகொண்ட பனிச்சரிவுகள் 1979 மார்ச்சில் நடந்தவை. நாதுலா விபத்து ஏப்ரலில், நண்பகல் வேளையில். "குளிர்காலம் முடிஞ்சிடுச்சே" என்று நினைக்கும் மாதங்கள் இவை.

வடக்குச் சரிவில் வெயில் படாது. அங்கே ஈரப்பனி பிரச்சினை குறைவு, ஆனால் ரவை அதிக நாள் உயிரோடிருக்கும்.

சாதாரண ஆளுக்குத் தெரியற மாதிரி ஏதாவது அறிகுறி இருக்கா?

இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. பக்கத்தில் புதிதாக எங்காவது சரிந்திருக்கிறதா? அதே திசை பார்த்த, அதே சாய்வுள்ள சரிவு உங்கள் பாதையில் இருந்தால் அதுவும் தயாராக இருக்கிறது. கால் வைத்ததும் பனியில் விரிசல் ஓடுகிறதா? அப்புறம், 'வும்ப்' என்று காலடியில் ஒரு மந்தமான சத்தம் கேட்டு, தரை அரை அங்குலம் இறங்கின மாதிரி வயிறு கலங்கும். அது அடியிலிருந்த படலம் நொறுங்கிய சத்தம். சாய்வு போதாததால் மட்டும் நீங்கள் பிழைத்தீர்கள்.

எனக்கு அந்தச் சத்தம் முதல் முறை கேட்டது ஒரு கணவாய் நடையில், பிப்ரவரி மாதம். கூட்டிப்போனவர் "பனி செட்டில் ஆகுது, நல்லதுதான்" என்றார். பின்னால் வந்த உள்ளூர்ச் சுமைதூக்கி, எங்களைவிட வயதில் மூத்தவர், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நகர மறுத்துவிட்டார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றோம், திரும்பினோம். மறுநாள் காலை கீழிருந்து பார்த்தபோது நாங்கள் கடக்க இருந்த சரிவின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெட்டு, அதன் கீழே ஒன்றுமில்லாமல் வழித்து எடுத்தது போல் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

முன்னெச்சரிக்கை எங்கே பார்க்கிறது?

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கை தருவது டிஜிஆர்இ, அதாவது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் சண்டிகரில் இருக்கும் நிறுவனம். 1969ல் மணாலியில் தொடங்கிய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமும் இன்னொரு நிறுவனமும் 2020ல் இணைந்து உருவானது. எச்சரிக்கை மாவட்டவாரியாக, எவ்வளவு உயரத்துக்கு மேல் என்ற குறிப்போடு வரும். மாவட்ட நிர்வாகமும் உள்ளூர்ச் செய்திகளும் அதை எடுத்துச் சொல்லும். வானிலைத் துறையின் பனிப்பொழிவு எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கான எச்சரிக்கை, உங்கள் பாதையிலுள்ள ஒரு குறிப்பிட்ட நாலாவைப் பற்றிச் சொல்லாது. இரண்டாவது, ஆபத்து நிலைகள் 1 முதல் 5 வரை படிப்படியாக ஏறுவது போலத் தோன்றினாலும், 2லிருந்து 3க்குப் போவது ஒரு பெரிய தாவல். ஐந்தில் மூன்று என்றதும் பரீட்சை மதிப்பெண் மாதிரி 'நடுத்தரம்' என்று நினைத்துவிடுகிறோம். ஐரோப்பாவில் நிறையப் பேர் இறப்பது 3ஆம் நிலை நாட்களில்தான். 5 என்று சொன்னால் யாரும் வெளியே போவதில்லை.

குல்மர்க்ல கோண்டோலால மேல போய் சறுக்கறது சேஃப்தானே? டிக்கெட் குடுக்குறாங்களே?

கோண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோள்வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு விடுகிறது. ஏறின களைப்பே இல்லாமல் பெருமலையின் நடுவில் நிற்கிறீர்கள். அங்கே பாதுகாப்புக் குழு கவனிக்கும் பகுதி ஒன்று, அதற்கு அப்பால் கவனிக்க ஆளில்லாத பெருஞ்சரிவுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறோ பலகையோதான். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் குல்மர்க்கில் பனிச்சரிவில் இறந்தார்கள். புதிதாகக் கற்பவர்கள் கீழே குல்மர்க் சமவெளியிலேயே கற்கலாம். இரண்டாம் கட்டத்தை மூடியிருக்கிறார்கள் என்றால் அதிகாரியோடு சண்டை போடாதீர்கள்.

பீக்கன், ஏர்பேக் எல்லாம் வாங்கணுமா? வாடகைக்குக் கிடைக்குமா?

மூன்று பொருள் ஒன்றாக வேண்டும்: உடம்பில் கட்டிக்கொள்ளும் பீக்கன் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீள ப்ரோப் கம்பி, தோண்ட உலோக ஷவல். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பும், தேடும்போது வாங்கும். எல்லாப் பிராண்டுக்கும் அதே அலைவரிசை. பீக்கன் இருந்து ஷவல் இல்லையென்றால், ஆள் எங்கே என்று தெரிந்தும் இறுகிய பனியைக் கையால் தோண்ட முடியாது. குழுவில் உங்களிடம் மட்டும் இருந்தாலும் பயனில்லை, உங்களைத் தேட இன்னொருவரிடம் வேண்டும். கைப்பேசியைப் பீக்கன் பக்கத்தில் வைக்கக் கூடாது, சைகை குழம்பும். ஏர்பேக் என்பது இழுத்தால் ஊதிக்கொள்ளும் முதுகுப்பை; புதையும் வாய்ப்பைக் குறைக்கும், மரத்தில் மோதுவதைத் தடுக்காது.

காட்டுப்பாதை ட்ரெக்குகளில் இவற்றைக் கொடுப்பதில்லை. செங்குத்தான பனிக் கணவாய்க்கோ பனிச்சறுக்குக்கோ போனால் கட்டாயம் கேளுங்கள். கிடைத்தால், புதைத்து வைத்த ஒரு பீக்கனைத் தேடிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று கூடுதலாக: சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கருவிகள் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவினர்கள் தெரியாமல் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?

கத்துங்கள், மற்றவர்கள் உங்களைப் பார்க்க வேண்டும். கம்புகளை விட்டுவிடுங்கள். பிளந்த முதல் நொடிகளில் ஓரமாக வெளியேற முடிந்தால் பாருங்கள், இல்லையென்றால் மேலே இருக்கப் போராடுங்கள். வேகம் குறைவது தெரிந்ததும் ஒரு கையை வாய்க்கு முன்னால் கொண்டுவாருங்கள். நின்றபின் எதுவும் நகராது. அந்தக் கையளவு இடம்தான் உங்கள் காற்று.

ஆபத்தான இடத்தை ஒவ்வொருவராகக் கடக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒருவர் கடக்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், சிக்குவது ஒருவர், தேட மீதிப் பேர்.

கூட வந்தவர் புதைஞ்சிட்டார். ஓடிப்போய் உதவி கூப்பிடணுமா?

முதலில் தேடுங்கள். முழுதாகப் புதைந்தவர்களில், முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான். எந்த ஹெலிகாப்டரும் 10 நிமிடத்தில் வராது. அவருக்கு உதவி நீங்கள்தான்.

இன்னொரு சரிவு வராது என்று மேலே ஒரு கண் பாருங்கள். அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தை நினைவில் வைத்து, அதற்குக் கீழே தேடுங்கள். எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். கையுறை, பை, கம்பு என்று மேலே தெரியும் எதையும் இழுத்துப் பாருங்கள். ப்ரோப் ஆளைத் தொட்டதும் கம்பியை எடுக்காதீர்கள், அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து அதை நோக்கித் தோண்டுங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் அவருடைய காற்றை நீங்களே மிதித்து மூடுவீர்கள். முகமும் மார்பும் முதலில் வெளியே வரட்டும். வாயிலிருக்கும் பனியை எடுங்கள், மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து மார்பை அழுத்தத் தொடங்குங்கள். ஆள் மிகுதியாக இருந்தால் ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் 112ஐ அழைக்கலாம்.

சியாச்சினில் ஒருத்தர் ஆறு நாள் உயிரோட இருந்தாரே?

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல்நிலைமேல் பெரும் பனிச்சரிவு விழுந்தது. ஏறக்குறைய 19,600 அடி உயரம். புதைந்த 10 பேரும் 19ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு இருந்தவர்கள். அவர்களில் நான்கு பேர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த நம் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் ஆறு நாள் தேடலில் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்துபோனார்.

அவர் இருந்தது கூடாரத்துக்குள். நொறுங்கிய கூடாரத்துக்குள் சிக்கிய காற்றுதான் அத்தனை நாள் தாங்கியது என்று அப்போது சொன்னார்கள். மாணாவிலும் பலரைக் காப்பாற்றியது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள். திறந்த சரிவில் நடப்பவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் போன பதிலில் சொன்ன 10 நிமிடக் கணக்கை இதை வைத்துத் தளர்த்திக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி எடுத்தவங்களே செத்துப் போறாங்க. நாம கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?

2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டாண்டா–2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. எவரெஸ்ட் ஏறிய பயிற்சியாளர் ஒருவரும் அதில் இறந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் எனக்குப் பலர் இதே கேள்வியைக் கேட்டார்கள்.

பனிக்கு நாம் எத்தனை சான்றிதழ் வைத்திருக்கிறோம் என்று தெரியாது, அது உண்மைதான். தெரிந்தவர்கள் அதிக நாட்கள், அதிகச் செங்குத்தான இடங்களில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் சாய்வை அளக்கத் தெரிந்தவர் 30 டிகிரிக்குக் கீழேயே ஒரு முழு நாளை நடந்து, மேலே தொங்கும் சரிவு எதுவும் இல்லாமல், மகிழ்ச்சியாகத் திரும்பலாம். தெரியாதவருக்கு அந்தத் தேர்வே இல்லை. உத்தரகாசி, மணாலி, டார்ஜிலிங், பஹல்காம் நிறுவனங்களின் அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்கு நம் பிள்ளைகள் நிறையப் பேர் போக வேண்டும் என்பது என் ஆசை.

கைடு இருக்காரே, அவர் பார்த்துக்க மாட்டாரா?

பார்த்துக்கொள்வார். பெரும்பாலான உள்ளூர் வழிகாட்டிகள் அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் அவருக்கு மேலே ஒரு நிறுவனம், ஒரு கால அட்டவணை, "உச்சி போகலையா?" என்று முறைக்கும் இருபது பேர் இருக்கிறார்கள். அவர் திரும்பலாம் என்று சொல்ல வழி செய்து கொடுப்பது நம் கையில் இருக்கிறது. முதல் நாள் இரவே கேளுங்கள்: "பாய் சாப், கடைசியா எப்போ பனி பெய்தது? வழியில் எந்த நாலாவில் பனி இறங்கும்? நாளைக்கு எந்த இடத்துக்கு வந்து திரும்ப முடிவெடுப்போம்?" உடைந்த இந்தியிலேயே கேட்கலாம், அவருக்குப் புரியும். அப்படிக் கேட்கும் குழுவிடம் அவர் மனம் விட்டுப் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லீவு போட்டு, பணம் கட்டி, ஃப்ளைட் ஏறி வந்தாச்சு. ஒரே ஒரு நாள் ரிஸ்க் எடுக்கக் கூடாதா?

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன், அப்புறம் பத்து மணி நேரம் வண்டியில். எட்டு நாள் விடுமுறை, திங்கட்கிழமை அலுவலகம். இந்தக் கணக்கு மலைமேல் நிற்கும்போது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஊரிலேயே தீர்த்துவிட்டு வாருங்கள். டிக்கெட் போடும்போதே இரண்டு நாள் கூடுதலாகச் சேருங்கள். பனி பெய்தால் அந்த நாட்களைச் கேதார்கந்தா அடிவார ஊரான சாங்கிரியிலோ மணாலியிலோ அடுப்பருகே உட்கார்ந்து கழிக்கலாம். எட்டு நாளுக்கு மேல் கிடைக்காது என்றால், இரண்டு நாள் குறைவான ட்ரெக்கைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்று முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உச்சி போகாவிட்டாலும் பரவாயில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒருமுறை அப்படிச் சொல்லாமல் போய், அம்மா அக்கம்பக்கமெல்லாம் "பையன் உச்சிக்குப் போறான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த நினைப்பே என்னைத் திரும்ப விடாமல் ஒரு மணி நேரம் அதே இடத்தில் நிற்க வைத்தது. இப்போதெல்லாம் "நடக்கப் போறேம்மா" என்று மட்டும் சொல்கிறேன்.